யோசனைக்கு 500 யென்: மிராய் கோக்யோ, ஒரு நிகழ்வு ஆய்வு

நம் ஊரில் சுவிட்ச் பெட்டி வைக்க வேண்டுமென்றால் செங்கல் சுவரை உளியால் கொத்திப் பெட்டியைப் புதைப்பார்கள். மேலே பூச்சு வந்தாலும் பெட்டியின் வாய் தெரியும். ஜப்பானில் தனி வீடுகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். எலக்ட்ரீசியன் முதலில் வந்து மரத்தூணில் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார். அடுத்து தச்சர் வந்து அதன்மேல் ஜிப்சம் பலகையை அடித்து மூடிவிடுவார். எலக்ட்ரீசியன் திரும்பி வரும்போது அவர் முன்னால் இருப்பது ஒரு வெற்றுச் சுவர். பெட்டி எங்கே? அளவு குறித்து வைத்திருந்தாலும் இரண்டு விரல் அளவு தவறிப்போகும். தவறான இடத்தில் ஓட்டை போட்டால் பலகை வீண், தச்சரிடம் வசவு.

இதற்கு ஒரு கம்பெனி கண்டுபிடித்த தீர்வைக் கேட்டால் சிரிப்பு வரும். பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு துண்டு அலுமினியத் தாளை ஒட்டினார்கள், அவ்வளவுதான். உலோகத்தைக் கண்டறியும் சின்னக் கருவியைச் சுவரில் தடவிக்கொண்டே போனால் பெட்டி இருக்கும் இடத்தில் அது சொல்லிவிடும். அங்கே வெட்டினால் போதும்.

தாளை ஒட்டியது மிராய் கோக்யோ. மத்திய ஜப்பானில் கிஃபு மாகாணத்தில், ஓகாகி நகரத்தின் பக்கம் இருக்கும் கம்பெனி. சுவருக்குள் போகும் பெட்டிகள், ஒயர் போகும் குழாய்கள், அவற்றைப் பிடிக்கும் கிளிப்புகள், தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் என்று, வீட்டுக்காரர் கண்ணில் ஒருபோதும் படாத பொருள்களைத்தான் செய்கிறது. சுவருக்குள் போகும் பெட்டியில் ஜப்பானியச் சந்தையின் பெரும்பங்கு அதன் கையில். இவ்வளவு சாதாரணமான சரக்கை விற்கும் கம்பெனியைத் தேடி ஜப்பானியத் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் வேறு நாட்டு முதலாளிகளும் ஏன் வந்துகொண்டே இருந்தார்கள் என்றால், அங்கே ஆட்களை நடத்தும் விதத்தைப் பார்க்க. ஓவர்டைம் கிடையாது, கிடையாது என்றால் தடை. காலை 8.30க்கு வேலை, மாலை 4.45க்கு வீடு. சாப்பாட்டு நேரம் போக 7 மணி 15 நிமிடம். ஆண்டுக்கு சுமார் 140 நாள் விடுமுறை, சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு அதற்குமேல். ஒப்பந்த ஊழியர் கிடையாது, எல்லாரும் நிரந்தரம். ஓய்வு வயது 70. ஒரு குழந்தைக்கு மூன்று வருடம் வரை விடுப்பு எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிச் செலவில் வெளிநாட்டுப் பயணம்.

உழைப்பால் சாவது என்பதற்கே 'கரோஷி' என்று தனிச் சொல் வைத்திருக்கும் நாட்டில் இப்படி ஒரு கம்பெனி.

சிறு தொழில்களுக்கான எடுத்துக்காட்டாகத்தான் இந்தக் கம்பெனியைப் பார்க்கிறேன். ஊழியர் எண்ணிக்கை எண்ணூறை ஒட்டி வந்துவிட்டதே, இதைச் சிறு தொழில் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜப்பானியச் சட்டப்படி உற்பத்தித் துறையில் 300 பேருக்கு உட்பட்டதே சிறு, நடுத்தரத் தொழிலுக்கான ஆள் கணக்கு. ஆனால் மேலே சொன்ன பழக்கங்களின் வேர், கம்பெனி ஒரு கொட்டகையில் அடங்கும் அளவில் இருந்தபோது விட்டது. அதனால்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூத்தாடிப் பிள்ளை

நிறுவனர் அகியோ யமாதா 1931இல் பிறந்தவர். அப்பாவுக்கு மின்கம்பி தயாரிக்கும் தொழில். மகன் அங்கேயே வேலை பார்த்தார், மனசு மட்டும் மேடையில் இருந்தது. 'மிராய்சா' என்று ஒரு நாடகக் குழு. 'மிராய்' என்றால் எதிர்காலம். தொழிலைக் கவனிக்காமல் கூத்தாடித் திரிந்த பிள்ளையை அப்பா கம்பெனியை விட்டே அனுப்பிவிட்டார். 1965இல் யமாதா நாடக நண்பர்களையே சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொடங்கினார். குழுவின் பெயரிலிருந்த எதிர்காலத்தை எடுத்துக் கம்பெனிக்கு வைத்தார்.

டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம் அது. நாடெங்கும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, மின்சாமானுக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் அந்தச் சந்தையில் மட்சுஷிதா குழுமம் யானைபோல நின்றது. பின்னாளில் பானாசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே குழுமம்தான். யானையோடு விலையில் மோதினால் யார் சாவார்கள் என்று யமாதாவுக்குத் தெரியும். ஆகவே முதல் நாளிலிருந்து ஒரு விதி போட்டார். அடுத்தவர் செய்யும் பொருளை அப்படியே செய்யக் கூடாது. ஏதாவது ஒன்று, சின்னதாகவாவது, வேறாக இருக்க வேண்டும்.

இந்த விதியைப் பலர் 'தனித்துவம்' என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அது கம்பெனியின் மற்ற எல்லாவற்றையும் கட்டாயப்படுத்தியது என்பதுதான். கிட்டத்தட்ட இருபதாயிரம் வகைப் பொருள்கள் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றால் அத்தனையையும் முதலாளி ஒருவர் யோசிக்க முடியாது. நான்கைந்து இன்ஜினியர்களாலும் முடியாது. அச்சு இயந்திரத்தில் நிற்பவரும், பெட்டி அடுக்குபவரும், கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனை ஆளும் யோசித்தால்தான் உண்டு. யமாதா ஊழியரை நல்லபடி வைத்துக்கொண்டதில் மனிதாபிமானம் இருந்திருக்கலாம், இருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

சுவிட்ச் பெட்டியில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட வகை வைத்திருந்தார்கள். அதில் லாபம் தருவது ஒரு கை விரலுக்குள் அடங்கும். மற்றக் கம்பெனிகள் ஓடும் வகைகளை மட்டும் செய்தன, கணக்குப் படித்தவர் யாரும் அதைத்தான் செய்வார். யமாதா ஓடாத வகைகளையும் செய்தார். விசித்திரமான மூலையில் பெட்டி வைக்க வேண்டிய எலக்ட்ரீசியனுக்கு அந்தச் சரக்கு மிராயிடம் மட்டும்தான் கிடைக்கும். அதற்காக வருபவர் மற்றதையும் அங்கேயே வாங்கிவிட்டுப் போவார். மளிகைக் கடைக்காரர் யாருக்கும் இது புதிதல்ல. வருடத்துக்கு நாலு பேர் கேட்கும் சாமானையும் கடையில் வைத்திருப்பவரிடம்தான் மாதச் சாமான் சீட்டு போகும்.

பிரிக்காமலே காசு

கம்பெனி முழுக்க, படிக்கட்டு, சுவர், இயந்திரம் என்று எங்கு திரும்பினாலும் ஒரே வாசகம் ஒட்டியிருக்கிறது. 'எப்போதும் யோசி.' இந்த மாதிரி வாசகங்களுக்கு நம் பட்டறைகளிலும் பஞ்சமில்லை. 'பாதுகாப்பே முதன்மை' என்ற பலகைக்குக் கீழேயே கையுறை இல்லாமல் நிற்பார்கள். மிராயில் வாசகத்தோடு காசும் இருந்தது.

யாராவது ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தால் 500 யென். நல்ல யோசனையா, உதவாததா என்று பார்ப்பதற்கு முன்பே 500 யென் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் படித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் தரத்துக்கு ஏற்ப மேலே போகும். உச்சம் 30,000 யென். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலியை இப்படிப் போடலாம் என்பதும் யோசனை, பெட்டியின் ஆணித் துளையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளலாம் என்பதும் யோசனை. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன.

யோசனைக்குப் பரிசு என்பது யமாதாவின் கண்டுபிடிப்பு இல்லை. பக்கத்து மாகாணமான ஐச்சியில் டொயோட்டா 1951இலேயே, அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, இதைத் தொடங்கியது. ஆனால் பொதுவாகப் பரிசு என்பது தேறிய யோசனைக்குத்தான். யமாதா, யோசித்ததற்கே கூலி கொடுத்தார். இந்த ஒரு நுணுக்கத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது என்பது என் கட்சி.

முன்பு நான் கணக்கு எழுதிய ஒரு சின்னப் பட்டறையிலும் யோசனைப் பெட்டி இருந்தது. பச்சைப் பெயின்ட், சின்னப் பூட்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே இரண்டு சீட்டு. ஒன்று கழிவறைத் தாழ்ப்பாளைப் பற்றி. மற்றொன்று வெற்றுத்தாள். ஏன் யாரும் எழுதவில்லை என்று முதலாளி வருத்தப்பட்டார். லேத்தில் நின்ற அண்ணன் ஒருவர் என்னிடம் பிறகு சொன்னார்: "எழுதிக் குடுத்தா, இதெல்லாம் ஒரு யோசனையான்னு சிரிப்பாங்க தம்பி. இல்லேன்னா, நீயே செஞ்சு காட்டுன்னு என் தலையிலயே கட்டுவாங்க." இரண்டு பயம்தான். அசட்டுத்தனமாகத் தெரிவோமோ என்பது ஒன்று, கூடுதல் வேலை வந்துசேருமோ என்பது மற்றொன்று. 500 யென் முதல் பயத்தைக் கொன்றுவிடுகிறது. எதை எழுதினாலும் காசு என்றானபின் அசட்டு யோசனை என்று ஒன்று இல்லை. இரண்டாவது பயத்தை 4.45 மணி கொல்கிறது. வேலை எவ்வளவு கூடினாலும் அந்த நேரத்துக்குமேல் யாரும் உட்கார முடியாது.

செலவைப் பாருங்கள். வருடத்துக்கு 5,000 யோசனை வந்தால், யோசனைக்கு 500 என்று 25 லட்சம் யென். ஜப்பானில் ஒரு சராசரி ஊழியரின் ஓராண்டுச் சம்பளத்தைவிடக் குறைவு. ஒரு ஆள் சம்பளத்தில் எண்ணூறு பேர் மூளையை வேலைக்கு வைத்தாயிற்று. யமாதாவைக் கர்ணன் என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய பரிசு தருவதைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

கீரை விலக்கு

ஜப்பானிய அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் புதுப் பையனுக்கு முதலில் சொல்லித் தருவது 'ஹோரென்சோ'. ஹோகோகு என்றால் அறிக்கை கொடுப்பது, ரென்ராகு தகவல் சொல்வது, சோதான் கலந்து பேசுவது. மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் பசலைக்கீரை போன்ற ஒரு கீரையின் பெயர் வரும். 1980களில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் தலைவர் பரப்பிய சொல், நாடெங்கும் வேதமாகிவிட்டது. எதைச் செய்தாலும் மேலே சொல், பக்கத்தில் சொல், கேட்டுச் செய்.

யமாதா தன் கம்பெனியில் இந்தக் கீரையைத் தடை செய்தார். களத்தில் நிற்பவனுக்குத் தெரிந்ததைவிட மேசையில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் வாதம். விற்பனைப் பிரிவு எந்த ஊரில் கிளை திறப்பது என்பதைத் தலைமையகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கிருப்பவர்களே முடிவு செய்தார்கள். விற்பனை இலக்கும் கிடையாது.

இதை அவர் நாடகத்திலிருந்து எடுத்தார். ஒத்திகையில் இயக்குநர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். திரை விலகியபின் அவர் ஓரத்தில் நின்று நகம் கடிக்க மட்டும்தான் முடியும், மேடை நடிகனுடையது. வசனம் மறந்தாலும் அவனே சமாளிக்க வேண்டும். கம்பெனியும் அப்படித்தான், திரை விலகிவிட்டது, இனி ஊழியர்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடகக் கொட்டகைப் பக்கம் போயிருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நிர்வாகப் படிப்பில் இதைச் சொல்ல ஒரு பாடம் முழுக்கத் தேவைப்படும்.

1991இல் நகோயா பங்குச் சந்தையில் கம்பெனி பட்டியலுக்கு வந்தது. பட்டியலுக்கு வரும் கம்பெனிக்கு முறையான பதவி வரிசை வேண்டுமே. யமாதா ஊழியர் பெயர்களைச் சீட்டில் எழுதி, மின்விசிறிக் காற்றில் பறக்கவிட்டுப் பதவிக்கு ஆள் எடுத்தார் என்பது அவரைப் பற்றிய கதைகளிலேயே பிரபலமானது. பென்சிலை உருட்டியும் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். அவரே இதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டவர். கொஞ்சம் நாடகம் கலந்திருக்கும், மனிதர் அப்படி. ஆனால் உள்ளே ஒரு செய்தி இருந்தது. யாரை உட்கார வைத்தாலும் அந்த வேலையைச் செய்துவிடுவார். யாருக்குத் தகுதி என்று பிடித்துப் பார்ப்பதில் வீணாகும் நேரமும், பதவிக்காகக் குழையும் பழக்கமும் வேண்டாம்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுவர்ப்பெட்டி செய்யும் இடத்தில் சீட்டு பறக்கவிடலாம். கொதிகலன் இருக்கும் இடத்தில் விட முடியாது.

விளக்குக் கயிறு

தாராளத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் பார்ப்பது கஞ்சத்தனத்தை. வாசலில் காவலாளி இல்லை. நடைபாதை இருட்டு. தலைமையகத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே ஒரு நகல் இயந்திரம். ஒவ்வொரு குழல் விளக்கிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒருவர் பெயர் எழுதிய சீட்டு. அந்த விளக்கு அவருடையது. எழுந்து போகும்போது இழுத்து அணைக்க வேண்டும். சீருடை கிடையாது. யமாதா இருந்தவரை கோடைக்காலத்தில் உள்ளாடை பனியனோடு தன் அறையில் உட்கார்ந்திருப்பார், சுவர் முழுக்க நாடகச் சுவரொட்டிகள்.

ஊழியர் வயிற்றில் அடித்து மிச்சம் பிடிக்கும் முதலாளிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்கள் அறையில் ஏசி இருக்கும். இங்கே சிக்கனம் மேலிருந்து தொடங்குகிறது, மிச்சமான காசு எங்கே போகிறது என்பதும் எல்லாருக்கும் தெரிகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விமானத்தில் உட்காரும்போது அந்த விளக்குக் கயிற்றின் பொருள் புரிந்துவிடும். இருட்டு நடைபாதை என்றாலும் அது தங்கள் விடுமுறைக்காக இருட்டு. ஓவர்டைம் இல்லாததால் மின்கட்டணமும் கூடுதல் கூலியும் மிச்சம் என்பதையும் யமாதா மறைத்ததில்லை.

எதை எதனால் என்று சொல்வது

இங்கே நிதானிக்க வேண்டும். மகிழ்ச்சியான ஊழியர்கள், அதனால் புதுமை, அதனால் லாபம் என்று ஒரு நேர்கோடு போடுவது சுலபம். யமாதாவே அப்படித்தான் பேசினார். முதலில் மோச்சிப் பலகாரத்தைக் கையில் கொடு, அப்புறம் அவனே உழைப்பான் என்று. ஆனால் தலைகீழாகவும் படிக்கலாம். காப்புரிமைகளையும் வடிவமைப்பு உரிமைகளையும் சேர்த்துக்கொண்டு, பெரியவர்கள் குனிந்து பார்க்காத ஒரு சின்னப் பொருளில் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்துவிட்ட கம்பெனிக்குத்தான் 140 நாள் விடுமுறை கட்டுப்படியாகும். அடுத்தவர் பெயரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப்வொர்க் யூனிட் இதை அப்படியே செய்ய முடியாது. விலையும் தேதியும் வாங்குபவர் கையில் இருக்கும்போது 4.45க்கு விளக்கணைக்க முடியாது.

இரண்டு வாசிப்பிலும் உண்மை இருக்கிறது. காலவரிசைதான் எனக்கு வழி காட்டுகிறது. சம்பளச் சலுகைகள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. முதலாவதாக வந்தது 'அடுத்தவர் செய்வதைச் செய்யாதே' என்ற விதி. அதற்கு எல்லாருடைய யோசனையும் தேவைப்பட்டது, யோசனைக்குப் பயமில்லாத இடம் தேவைப்பட்டது. வெளிநாட்டுப் பயணத்தைப் பார்த்துவிட்டு அதை மட்டும் நகலெடுக்கும் முதலாளிக்குப் பயணச் செலவு மட்டும்தான் மிஞ்சும். ஜாப்வொர்க் யூனிட்காரர் கூட எடுத்துப்போகக்கூடியது 500 யென் பழக்கம். அதற்கு லாபம் பெரிதாக வேண்டியதில்லை. சிரிக்காமல் சீட்டை வாங்கிக்கொள்ளும் ஒரு சூப்பர்வைசர் போதும்.

இன்னொரு குறையும் உண்டு. மேலே சொல்லாதே, கேட்காதே என்ற சுதந்திரம் நல்ல குணமுள்ள சகாக்களை நம்பி நிற்கிறது. ஒருவர் தவறு செய்தால் மற்றவருக்குத் தெரிய எந்த வழியும் எழுதி வைக்கப்படவில்லை என்றால், தவறு வளர்ந்தபின்தான் வெளியே வரும். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்கள், வாழ்நாள் வேலை, வெளியே போனால் இப்படி ஓர் இடம் கிடைக்காது என்ற நினைப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் அங்கே காவலாளி வேலையைப் பார்க்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறும் இடத்தில் இந்தக் காவலாளி இருக்க மாட்டார்.

யமாதா 2014இல் காலமானார். அதற்கு முந்தைய வருடமே தலைமைப் பொறுப்பு மகன் கைக்கு வந்திருந்தது. விசிறிக் காற்றில் பதவி கொடுத்தவரின் கம்பெனியில் உச்சிப் பதவிக்கு மட்டும் சீட்டு வீட்டுப் பக்கமே விழுந்தது என்று குறும்பாகச் சொல்லத் தோன்றுகிறது. இடையில் குடும்பத்துக்கு வெளியே இருந்தும் தலைவர் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஜப்பானிய அரசு ஓவர்டைமுக்குச் சட்டப்படி உச்சவரம்பு போட்டது 2019 ஏப்ரலில், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 2020இல். பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரம், வருடத்துக்கு 360. கட்டுமானம் போன்ற சில துறைகள் எங்களால் உடனே முடியாது என்று அவகாசம் வாங்கிக்கொண்டன. அந்த அவகாசம் 2024 மார்ச்சோடு முடிந்தது. ஆக, வெற்றுச் சுவர் முன்னால் நின்று பெட்டியைத் தேடும் எலக்ட்ரீசியனும் இப்போது நேரத்தோடு வீட்டுக்குப் போயாக வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டி அவருக்கு மிச்சமாக்குவது சுவருக்குச் சில நிமிடங்கள். ஒரு வீட்டில் இப்படி எத்தனை பெட்டி இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பார்.